வீடு முழுக்க ஃப்ளூ: மாமியாரை எப்படிக் காப்பது?

கேள்வி: ஏழு வயது மகன் வெள்ளிக்கிழமை மழையில் நனைந்துகொண்டே பள்ளியிலிருந்து வந்தான். ஞாயிறு காலை காய்ச்சல். செவ்வாய்க்கிழமை என் கணவருக்கு, புதன்கிழமை எனக்கு. டாக்டர் ஃப்ளூ என்கிறார். லேபில் டைபாய்டும் இருக்கிறது என்று சொல்லி, ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். மகனுக்குக் கைக்குழந்தையிலேயே இன்ஃப்ளூயன்ஸா ஊசி போட்டாயிற்றே, பிறகு எப்படி வந்தது? 71 வயது மாமியாருக்குச் சர்க்கரை நோய். அவருக்கும் வந்துவிடுமா? - வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது அம்மா. ஞாயிறு, செவ்வாய், புதன் என்று கிழமை எழுதியிருக்கிறீர்களே, லேப் சீட்டைவிட அதுதான் எனக்கு உதவியது.

ஃப்ளூ வைரஸ் உடம்புக்குள் போனால் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளே, காய்ச்சலாக வெளியே தெரியும். பையனுக்கு ஞாயிறு என்றால், வியாழன் வெள்ளியில் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து இருமிய பிள்ளையிடமிருந்து வந்திருக்கும். மழையைத் திட்டிப் பிரயோசனமில்லை. மழைக்காலத்தில் ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு ஐம்பது பிள்ளைகள் ஒரே அறையில் உட்காருகிறார்களே, அதுதான் காரணம். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவன் மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவான். சனிக்கிழமை நன்றாக ஓடி விளையாடியவன்தான் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறான். இருமல், தும்மல், பேச்சில் தெறிக்கும் துளி, அடைத்த அறையின் காற்று, கை. முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே கையால் பாட்டிக்குக் காபி டம்ளர் நீட்டும் காட்சியை என் கிளினிக் வராந்தாவிலேயே தினமும் பார்க்கிறேன்.

இப்போது டைபாய்டுக்கு வருகிறேன். டைபாய்டு கெட்ட தண்ணீர், உணவு வழியாக வருவது. உள்ளே போய் வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று வாரம்கூட ஆகும். ஞாயிறு மகனுக்கு, செவ்வாய் அப்பாவுக்கு என்று தாவாது. உங்களுக்கு எடுத்தது வைடால் என்ற டைபாய்டு ரத்தப் பரிசோதனையாகத்தான் இருக்கும். காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் எடுக்கும் வைடாலுக்கு அர்த்தமே கிடையாது. எப்போதோ வந்துபோன டைபாய்டு, போட்ட தடுப்பூசி, வேறு ஏதோ காய்ச்சல் என்று எதற்கும் 'பாசிட்டிவ்' காட்டும். சந்தேகம் இருந்தால் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், எடுக்க வேண்டும். அதற்கு நாளாகும், அதில் யாருக்கும் அவசரக் கமிஷன் இல்லை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து 'ஃபீவர் பேக்கேஜ்' விற்கும் ஆட்களும், சீட்டில்லாமல் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடைகளும் ஒவ்வொரு ஐப்பசியிலும் இப்படித்தான் பிழைக்கிறார்கள். யார் கேட்கிறார்கள்? நன்றாகக் கஞ்சி குடிக்க முடிகிறவருக்கு ட்ரிப்ஸில் ஏறுவது உப்புத் தண்ணீர்தான்.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஃப்ளூ காய்ச்சல் மூன்று நான்கு நாளில் இறங்கி, ஆள் எழுந்து நடமாடி, 'சரியாகிவிட்டது' என்று நினைக்கும்போது மறுபடி காய்ச்சல் ஏறினால், கூடவே மஞ்சள் சளி, மூச்சு வாங்கல், நெஞ்சில் குத்தல் இருந்தால், அது வேறு கதை. வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா குடியேறியிருக்கலாம். அப்போது ஆன்டிபயாடிக் தேவை. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த பிறகு. இறங்காமல் தொடர்ந்து அடிக்கும் காய்ச்சலையும், இறங்கி ஏறும் காய்ச்சலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதற்காகவே தினமும் இரு வேளை டெம்பரேச்சரைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மகனுக்குப் போட்ட ஊசி பற்றி. அது ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் அரசு முதலில் தொடங்கியது. அதிலுள்ள 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா' ஒரு பாக்டீரியா. அந்தக் காலத்தில் இன்ஃப்ளூயன்ஸாவுக்கு, அதாவது ஃப்ளூவுக்கு, அதுதான் காரணம் என்று தவறாக நினைத்து வைத்த பெயர். ஃப்ளூ வைரஸை மனிதரிடம் கண்டுபிடித்தது 1933இல். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. உண்மையான ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் போட வேண்டியது, ஏனென்றால் வைரஸ் ஆண்டுதோறும் சட்டை மாற்றும். அரசின் இலவசப் பட்டியலில் அது இல்லை. சர்க்கரை நோயுள்ள பாட்டி ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வெளியில்தான் போட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத கணக்கு. போடும்போது டப்பாவில் எந்த ஆண்டுக்கான மருந்து என்று படித்துப் பாருங்கள்.

இந்த வாரம் மாமியாருக்கு ஊசி உதவாது, வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். பேரனோடு ஒரே பாயில் படுப்பதை நிறுத்துங்கள். அவருக்குத் தனி அறை, தனித் துண்டு, திறந்த ஜன்னல். சோறு கொண்டுபோகிறவர் மாஸ்க் போடட்டும். வயதானவர்களுக்குப் பல சமயம் காய்ச்சல் பெரிதாக அடிக்காது. திடீர்ச் சோர்வு, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை என்றுதான் தொடங்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போய், ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஓசெல்டாமிவிர் வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம், அவர் வயதுக்கும் சர்க்கரைக்கும் அரசு வழிகாட்டுதலே அதைத்தான் சொல்கிறது. நிலவேம்புக் கசாயத்தோடு எனக்குச் சண்டையில்லை; அதைக் குடித்துக்கொண்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்பதோடுதான் சண்டை.

பையனுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமலிருந்தால் பள்ளிக்கு அனுப்புங்கள். நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளியென்றால், அந்தப் பரிசு இந்த வருடம் போகட்டும்.