நான்கு ‘ஆம்’

கேள்வி: நான் மூன்று வருடம் முன்பு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். வயது 63. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசனைக் கல்லூரி நாளிலிருந்து கேட்டு வருபவன். என்னைவிட ஏழு வயது இளையவனான என் தம்பிக்கு அந்த இசையை அறிமுகப்படுத்தியவனும் நானே. ஞாயிறு மாலைகளில் என் வீட்டு மாடியில் நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடிப் பாட்டுக் கேட்பதும் விவாதிப்பதும் பல வருட வழக்கம். தம்பியும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்துவிடுவான். ஹாரிசன் தனியாக வெளியிட்டவற்றில் 1970இல் மூன்று தட்டுகளாக வந்த ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ ஆல்பமே சிகரம், பின்னால் வந்தவையெல்லாம் இறக்கம் என்பது என் கட்சி. லண்டன் ஒலிப்பதிவுக்கூடத்தில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஒலிமேல் ஒலி அடுக்கிச் சுவர் எழுப்பியதும், கிதார்க்காரர் எரிக் கிளாப்டனும் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரும் கூட உட்கார்ந்து வாசித்ததும் இனி நடக்குமா? தம்பியோ, ஹாரிசன் இறந்தபின் 2002இல் வெளிவந்த ‘பிரெயின்வாஷ்டு’தான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்கிறான். இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இசை அல்ல. எங்கள் தகப்பனார் பக்கவாதத்தில் பதினொரு மாதம் தம்பி வீட்டில் படுக்கையாகக் கிடந்து, போன கார்த்திகைக்கு முந்திய கார்த்திகையில் காலமானார், தலைத்திவசமும் முடிந்துவிட்டது. அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவுக்குத் தூக்கம் வராத இரவுகளில் தம்பி அந்த ஆல்பத்தைப் போடுவானாம். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது; ஆனால் கடைசிப் பாட்டின் முடிவில் ‘நமப் பார்வதி பதயே’ வரும்போது கண்ணைத் திறப்பாராம், விழாத கையைத் தூக்கப் பார்ப்பாராம், குழறிய வாயால் ‘ஹர ஹர மகாதேவா’ என்பாராம். இதை ஓர் அளவுகோலாக வைத்து ஆல்பத்தை மதிப்பிட முடியுமா? தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலையிலும், “அந்த ஆல்பத்துக்குக் கிடைப்பது ரசிகனின் மதிப்பு இல்லை, சாவு வீட்டு மரியாதை” என்று சொன்னேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவன் ஐந்து மாதமாக வரவுமில்லை, தொலைபேசியை எடுக்கவுமில்லை. நான் சொன்னதில் இசை நோக்கில் என்ன பிழை? அவனுக்கு அதை எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, அண்ணன் தம்பிப் பிணக்கைப் பற்றிய கடிதம் இந்தப் பகுதிக்கு வராத வாரமில்லை. கிணற்றுப் பங்கு, வாய்க்கால் முறை, பாகப்பத்திரத்தில் விட்டுப்போன ஒற்றைத் தென்னை என்று காரணம் மாறுமே தவிர, எழுதுகிறவர் கேட்பது மாறுவதில்லை: என் பக்கம் நியாயம் இருக்கிறதா, இல்லையா? நீங்கள் தென்னை இருந்த இடத்தில் இசைத்தட்டை வைத்திருக்கிறீர்கள். தம்பி நாளடைவில் சமாதானமாகிவிடுவார், ரத்த பந்தம் விட்டுப்போகாது என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் மன்னிக்க வேண்டும். விட்டே போன பந்தங்கள் எத்தனையோ எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது கையில் பென்சிலை எடுத்துக்கொண்டு நான்கு சொற்களுக்கு அடியில் கோடு போட்டேன். போடுவானாம், திறப்பாராம், பார்ப்பாராம், என்பாராம். நம் மொழியில் ‘ஆம்’ என்கிற இந்தச் சிறிய ஒட்டு பொல்லாதது. சொல்லுகிறவர் தம் கண்ணால் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1970இல் லண்டனில் யார் யார் கூட உட்கார்ந்து வாசித்தார்கள் என்று எழுதும்போது உங்களுக்கு அந்த ‘ஆம்’ தேவைப்படவில்லை. அன்று உங்களுக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும். ஆனாலும் கதவோரம் நின்று பார்த்தவரைப் போல எழுதியிருக்கிறீர்கள். பெற்ற தகப்பனார் கண் திறந்ததையும் கை தூக்கியதையும், அதுவும் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும் தொலைவில் நடந்ததை, எழுதும்போதுதான் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஆம்’ வந்து உட்கார்ந்துகொண்டது. பதினொரு மாதத்தில் முந்நூற்று முப்பது இரவுகள் இருக்கின்றன. நீங்களோ ஓய்வுபெற்றவர், மறுநாள் காலையில் கையெழுத்துப் போட வேண்டிய பதிவேடு எதுவும் உங்களுக்கு இல்லை. அத்தனை இரவுகளில் ஒன்றிலாவது அந்தப் பட்டாசலில் ஒரு பாயை விரித்துப் படுத்திருந்தால், நான்கில் ஒரு ‘ஆம்’ ஆவது குறைந்திருக்குமே!

பகலில் போயிருப்பீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆரஞ்சுப் பழமும் சத்துமாவு டப்பாவும் வாங்கிக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து, இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நம் பக்கத்தில் சீக்கு விசாரிப்பது என்று பெயர். அடுத்த தெருக்காரரும் அதைச் செய்வார். இரவு இரண்டு மணிக்கு நனைந்த விரிப்பை மாற்றுவதும், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைப்பதும், தூக்கம் வராத கிழவருக்குத் துணையாக விழித்திருப்பதும் பிள்ளைகள் செய்ய வேண்டியவை. தம்பி செய்தார். தம்பியின் மனைவியும் செய்திருப்பார்; அந்தப் பெண்ணைப் பற்றி இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்பதையும் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். மூத்தவர் என்ற உரிமையில் கொள்ளி வைத்தவர் நீங்களாகத்தான் இருந்திருப்பீர்கள். கொள்ளி வைக்கிற உரிமை மூத்தவனுக்கு உண்டென்றால் அதற்கு முந்திய இரவுகளில் விழித்திருக்கும் கடமையும் அவனுக்குத்தான் முதலில் உண்டு என்று நினைக்கிறவள் நான். என்னைப் பழைய காலத்து மனுஷி என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இசை நோக்கில் என்ன பிழை என்று கேட்டிருப்பதால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் இருந்தவரை எங்கள் வீட்டிலும் இதே வழக்கு ஞாயிறுதோறும் நடந்தது. அடுப்படியில் தோசை வார்த்தபடியே ஹாரிசனின் தட்டுகள் அத்தனையையும் கேட்டிருக்கிறேன். உங்கள் கட்சியில் பாதி உண்மை உண்டு. பீட்டில்ஸ் குழுவில் லெனனும் மெக்கார்ட்னியும் எடுத்துக்கொண்டது போக, ஹாரிசனுக்கு ஒரு தட்டில் ஒன்றோ இரண்டோ பாடல்களுக்குத்தான் இடம் கிடைத்துவந்தது. அப்படித் தேங்கிக் கிடந்தவை, குழு பிரிந்ததும், கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்ததுபோல் வந்தன. அந்த வரத்து மறுபடி வரவில்லை என்பதும் சரி. ஆனால் அதன் மூன்றாவது தட்டை வருடத்துக்கு ஒரு முறையாவது போட்டுக் கேட்கிறீர்களா? நண்பர்கள் கூடி மனம்போனபடி வாசித்துத் தள்ளியது அது. என் வீட்டுக்காரர் அதை உறையிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை.

பின்னால் வந்தவற்றை ‘இறக்கம்’ என்ற ஒரு சொல்லால் மூடிவிடவும் முடியாது. 1974இல் தொண்டை கட்டிய குரலோடு ‘டார்க் ஹார்ஸ்’ வந்ததும், 1981 ஆல்பத்தில் நான்கு பாடல்களை மாற்றும்படி கம்பெனி திருப்பி அனுப்பியதும், அடுத்த ஆண்டு ‘கான் ட்ராப்போ’வுக்கு விளம்பரம் செய்யக்கூட மனமில்லாமல் அவர் ஒதுங்கியதும் உங்கள் கட்சிக்குச் சாட்சிகள்தாம். ஆனால், தோட்டமும் சினிமாத் தயாரிப்புமாக ஐந்து வருடம் கழித்துவிட்டு 1987இல் இசைத் தயாரிப்பாளர் ஜெஃப் லின்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘கிளவுட் நைன்’ ஆல்பத்தோடு திரும்பி வந்தாரே, அதிலிருந்த ஒரு பாட்டு மறு ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? 1997இல் அவர் தயாரித்து ரவிசங்கர் பெயரில் வந்த மந்திரப் பாடல் தொகுப்பின் ஒலிப்பதிவில் ஒரு பகுதி நம் சென்னையில்தான் நடந்தது. அதையெல்லாம் சொல்லப் போனால் இந்தப் பக்கம் போதாது.

உங்கள் சிகரத்தைப் பற்றியே ஒன்று சொல்லுகிறேன். 1970இல் அந்த ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது ஹாரிசனின் தாயார் புற்றுநோயில் கிடந்தார். ஸ்பெக்டரையும் கிளாப்டனையும் விட்டுவிட்டு ஹாரிசன் வடக்கே போய்த் தாயைப் பார்த்துவந்தார். ஜூலையில் அந்த அம்மாள் இறந்தார். அந்த ஆஸ்பத்திரி நாட்களில் பிறந்த ‘டீப் ப்ளூ’ என்ற பாட்டு, மறு ஆண்டு ‘பங்களா தேஷ்’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் வெளிவந்தது. கல்லூரி நாளிலிருந்து கேட்டு வரும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்திருந்தும், அந்த வருடத்தில் யார் கூட உட்கார்ந்து வாசித்தார்கள் என்று எழுதினீர்களே ஒழிய, வாசிப்பை நிறுத்திவிட்டு அவர் யார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார் என்பதை எழுதவில்லை.

உங்கள் தம்பியின் ஆல்பத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பார்ப்போம். தொண்டையில் புற்றுநோய், 1999 டிசம்பரின் கடைசியில் வீட்டுக்குள்ளேயே கத்திக்குத்து, மறுபடியும் புற்றுநோய் என்று அலைக்கழிந்து, 2001 நவம்பர் 29 அன்று 58 வயதில் ஹாரிசன் இறந்தபோது பாடல்கள் முடியாமல் கிடந்தன. எப்படி முடிக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்திருந்தார். த, நி என்ற இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்துத் தானி என்று பெயர் வைத்த ஒரே மகன். அந்த 24 வயதுப் பிள்ளை ஜெஃப் லின்னோடு உட்கார்ந்து, தகப்பனின் குரலுக்கு அடியில் வாத்தியங்களைச் சேர்த்து, மறு ஆண்டு நவம்பரில் ஆல்பத்தை வெளியிட்டார். கடைசிப் பாட்டு உலகத்தையெல்லாம் வைது தீர்த்துவிட்டு அடங்கியபின், தகப்பனும் மகனும் சேர்ந்து ‘நமப் பார்வதி பதயே’ சொல்லுகிறார்கள். ஆல்பம் அதோடு முடிகிறது. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேர் வடத்தைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், அந்த வார்த்தையை யாராவது உரக்கச் சொன்னால் மறுபாதியைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க நம்மால் முடியாது. உங்கள் தகப்பனார், சொன்னவர் வெள்ளைக்காரர் என்றும் பாராமல், மறுபாதியைச் சொல்லியிருக்கிறார். அதை அளவுகோலாக வைத்துத்தான் தம்பி வாதாடினார் என்பது உங்கள் அனுமானம். உங்கள் அப்பா கடைசியாகச் சொன்ன சொற்கள் இவை என்று உங்களுக்குச் சொல்ல அவர் ஒரு வழி தேடியிருக்கலாம். நீங்கள் அவரோடு பேசுவது ஹாரிசனைப் பற்றி மட்டும்தான் என்றால், அவரும் ஹாரிசனை வைத்துத்தானே சொல்லியாக வேண்டும்?

அந்த ஆல்பம் தரத்தில் எப்படி என்றால், நல்ல ஆல்பம். வாய்ப்பாட்டில்லாத ‘மார்வா ப்ளூஸ்’ 2004இல் கிராமி பரிசு பெற்றது. பெறாவிட்டாலும் அந்தக் கிதாருக்காக நான் அதைத் திரும்பத் திரும்பப் போடுவேன். எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன்; சில பாடல்களில் ஜெஃப் லின்னின் பூச்சு தடிப்பாகத் தெரிகிறது. ஆக, தம்பியின் கட்சியும் முழுதாகத் தேறவில்லை. ஆனால் அதை நான் சொல்லலாம், உங்கள் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் சொல்லலாம், நீங்கள் சொல்லக் கூடாது. எந்தக் கட்டிலருகே அவர் அதைக் கேட்டாரோ அந்தக் கட்டிலருகே இருக்காதவருக்கு அந்த உரிமை கிடையாது.

‘சாவு வீட்டு மரியாதை’ என்று ஏளனமாகச் சொன்னீர்களே, அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தீர்கள் அண்ணாச்சி? கல்யாணத்துக்கு வராதவனை மறந்துவிட்டுத் துட்டிக்கு வராதவனைத் தலைமுறைக்கும் மறக்காத ஜில்லா இது. நம் மக்கள் தாங்கள் தரக்கூடியவற்றில் பெரியது என்று வைத்திருப்பது அந்த மரியாதையைத்தான். அதைத் தம்பி முகத்துக்கு நேரே, நாலு பேர் நடுவில், மட்டமான சரக்கைப்போல வீசியிருக்கிறீர்கள். அவர் காபியை உங்கள்மேல் ஊற்றாமல் பாதியில் வைத்துவிட்டுப் போனது நீங்கள் வளர்த்த வளர்ப்பின் பெருமை என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, அவருக்கு எதையும் புரியவைக்க வேண்டாம். தொலைபேசியில் கூப்பிடுவதையும் நிறுத்துங்கள். ஆடி அமாவாசை வருகிறது. பாபநாசம் படித்துறையில் தகப்பனுக்குத் தண்ணீர் இறைக்க இரண்டு பிள்ளைகளும் தனித்தனியாகப் போய் நிற்பது அசிங்கம். முந்தின நாள் மாலைச் செங்கோட்டை ரயிலில் ஏறி, ஒரு மாற்று வேட்டியோடு கல்லிடைக்குறிச்சியில் இறங்குங்கள். தம்பியின் மனைவியிடம் முதலில் பேசுங்கள். அந்தப் பெண் செய்ததற்கெல்லாம் நன்றி சொல்ல இரண்டு வருடம் தாமதம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். எந்த ஆல்பத்தின் பெயரும் உங்கள் வாயில் வரக் கூடாது. சாப்பாடானதும், தகப்பனாரின் கட்டில் எங்கே கிடந்தது என்று கேட்டு, அந்த இடத்தில் போய் உட்காருங்கள். தம்பி வந்து உட்கார்ந்தால், “அப்பா எப்படிச் சொன்னார்? ஒரு தடவை சொல்லிக் காட்டு” என்று கேளுங்கள். அவர் சொல்லிக் காட்டலாம். ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விடவும் செய்யலாம். போய்விட்டால் பின்னாலேயே போகாதீர்கள், ஊருக்கும் திரும்பாதீர்கள். ஒரு பாயை வாங்கி அந்த இடத்திலேயே விரித்துப் படுங்கள். அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னால் படித்துறைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், விடிவதற்குள் அவர் உங்களை எழுப்பித்தான் ஆக வேண்டும்.