சீனியா, சர்க்கரையா, கருப்பட்டியா? – வீட்டு பீர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சர்க்கரையைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். அளவு சொல்லாத இடங்களில் 20 லிட்டர் பீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து எழுதிய இருவருக்கு: அங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம், அதனால் உங்களுக்கு நான் செய்முறை சொல்ல முடியாது. மற்றவர்களும் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். செய்தது வீட்டுக்கு மட்டும், விற்பதற்கு இல்லை.

பெல்ஜியன் ட்ரிப்பல் செய்முறையில் 700 கிராம் வெள்ளைக் கேண்டி சுகர் கேட்கிறார்கள். கடையில் அது யானை விலை. சாதாரண வெள்ளைச் சீனி போடலாமா? – ஸ்கார்பரோ

தாராளமாகப் போடலாம், அதே 700 கிராம். கட்டி கட்டியாக விற்கிற வெள்ளைக் கேண்டி பெரிய படிகங்களாக விளைந்த சுக்ரோஸ்தான், அதாவது சீனிதான். நம் வீட்டு வெள்ளைக் கற்கண்டுக்கும் அதற்கும் ஈஸ்ட் வித்தியாசம் பார்க்காது. ட்ரிப்பல் என்ற வலுவான, வெளிர்நிற பீர் வகைக்கே பேர் வாங்கித் தந்த பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே மடத்து பீர் 1934இல் வந்தது. அதில் சர்க்கரை சேர்ப்பது ருசிக்காக இல்லை. ஆல்கஹால் ஏறியும் பீர் கனக்காமல், குடிக்க லேசாக இருக்க வேண்டும் என்பதற்காக.

ஆனால் கறுப்பு கேண்டி சிரப் வேறு சங்கதி. காய்ச்சிக் காய்ச்சி நிறமும் உலர்திராட்சை வாசமும் ஏற்றிய பாகு அது. அதன் இடத்தில் வெள்ளைச் சீனி போட்டால் ஆல்கஹால் வரும், ருசி வராது.

சர்க்கரை 500 கிராம் போட்டேன். பீர் சரியில்லை. காரணம் என்ன? – ஊர் எழுதவில்லை

எந்தச் சர்க்கரை? சென்னைக்காரர் சர்க்கரை என்றால் வெள்ளை. மதுரைக்காரர் அதைச் சீனி என்பார். யாழ்ப்பாணத்தவர் சர்க்கரை என்றால் பழுப்பு நிறத்தது. எத்தனை லிட்டருக்கு 500 கிராம்? என்ன ஈஸ்ட், என்ன வெப்பநிலை, கிராவிட்டி, அதாவது பீரின் அடர்த்தி எண், எங்கே தொடங்கி எங்கே நின்றது? 'சரியில்லை' என்றால் புளிப்பா, தண்ணீர் மாதிரியா, நாற்றமா? இதில் ஒன்றுகூட எழுதாமல் காரணம் கேட்டால் நான் என்ன சொல்வது? ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு முறையும் குறித்துவைத்து, அப்புறம் எழுதுங்கள். கட்டாயம் பதில் சொல்கிறேன்.

பாட்டிலில் அடைக்கும்போது போட டெக்ஸ்ட்ரோஸ் தீர்ந்துவிட்டது. சீனி போதுமா, எவ்வளவு? – பாரமாட்டா

போதும். டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் பொடி) பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது, அதனால் அது கூடுதலாகத் தேவைப்படும். நடுத்தர நுரைக்கு டெக்ஸ்ட்ரோஸ் 135 முதல் 140 கிராம் என்றால் சீனி 120 கிராம். லிட்டருக்கு 6 கிராம், 330 மில்லி பாட்டிலுக்கு 2 கிராம். இரண்டு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, பீரோடு மெதுவாகக் கலந்து அடையுங்கள். கப், கரண்டிக் கணக்கு வேண்டாம். ஒரே கரண்டியில் பொடிச் சீனி ஒரு எடை நிற்கும், பருமணல் சீனி வேறு எடை நிற்கும். தராசில் நிறுத்துப் போடுங்கள்.

அதைவிட முக்கியம், அடைக்கும் முன் நொதித்தல் முடிந்திருக்க வேண்டும். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். மூடியில் குமிழி நின்றுவிட்டது என்பது சாட்சி ஆகாது. நான் ஒரு ஜனவரியில் அவசரப்பட்டு 1.016இல் அடைத்துக் கராஜில் வைத்தேன். பத்தாம் நாள் மதியம் முதல் பாட்டில் வெடித்தது, அதன் அதிர்ச்சியில் பக்கத்தில் இருந்த இரண்டும் போயின. மறுநாள் கூட்டும்போது எதிர்ச்சுவர் அட்டைப்பெட்டியில் விரல் நீளக் கண்ணாடிச் சில்லு ஒன்று குத்தி நின்றது. என் மகளின் சைக்கிள் சாத்தியிருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே. மீதி பாட்டில்களைத் தடித்த கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான் திறந்தேன். எண் நிலைக்கட்டும், பிறகு அடையுங்கள்.

வெள்ளைச் சீனி போட்டால் பீர் ஆப்பிள் சைடர் மாதிரி புளிக்கும், எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்சி 'இன்வெர்ட்' செய்துதான் போட வேண்டும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? – ஆக்லாந்து

இல்லை. இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. இன்னொரு தடவையும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தால் ஆட்கள் தேவையில்லாமல் காசைக் கொட்டுகிறார்கள், நிஜமான தவறைத் திருத்தாமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று பாருங்கள். பிரிட்டனில் வீட்டு பீருக்கு உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் போனது. அதன் பிறகு மால்ட் (முளைகட்டிய பார்லி) பாகை டின்னில் அடைத்த கிட் பரவியது. செய்முறை சுலபம்: ஒரு டின், ஒரு கிலோ சீனி, தண்ணீர், மூடிக்கடியில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் பாக்கெட். 1.7 கிலோ டின்னில் ஈஸ்ட் தின்னக்கூடிய பங்கு ஒரு கிலோ சொச்சம்தான். அதோடு ஒரு கிலோ சீனி சேர்ந்தால் ஈஸ்ட்டுக்குக் கிடைக்கும் தீனியில் ஏறக்குறைய பாதி வெறும் சீனி. சீனியில் ஈஸ்ட் வளரத் தேவையான நைட்ரஜன் கிடையாது. அந்தப் பாக்கெட் கடை அலமாரியில் எத்தனை மாதம் வெயில் பார்த்ததோ தெரியாது. அதை 28, 30 டிகிரி கராஜில் வைத்து, ஐந்தாம் நாள் பாட்டிலில் அடைத்து, பத்தாம் நாள் குடித்தார்கள். அப்படிக் குடித்தால் பச்சை ஆப்பிள் வாசம் வரத்தான் செய்யும். அது அசெட்டால்டிஹைட். முதிராத பீரிலும், திணறிப்போன ஈஸ்ட்டிலும் வருவது. பழி மட்டும் சீனி மேல் விழுந்தது.

இன்வெர்ட் விஷயத்துக்கு வருவோம். ஈஸ்ட்டிடமே இன்வெர்ட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று அதுவே உடைத்துக்கொள்ளும். நீங்கள் அடுப்படியில் எலுமிச்சை பிழிந்து ஒரு மணி நேரம் நிற்பது ஈஸ்ட்டுக்கு எந்த உதவியும் இல்லை. காய்ச்சும்போது நிறமும் வாசமும் ஏறுமானால் அது தனிப் பலன், அதற்காகச் செய்தால் சரி. புளிப்பைத் தடுக்கும் என்று செய்தால் வீண்.

சீனியில் கெடுதல் இருந்தால் பெல்ஜியத்துக்காரர்கள் இத்தனை தலைமுறையாகப் போட்டிருப்பார்களா? இங்கிலாந்தில் பீரில் சர்க்கரை சேர்க்க 1847இல் அனுமதி கிடைத்தது. 1880இல் வரியை மால்ட் மேலிருந்து பீர் மேலேயே மாற்றியதும் மதுவாலைகளுக்குக் கை இன்னும் அவிழ்ந்தது. அந்த ஊரின் பிட்டர் என்ற பீர் வகைகள் பல அதில்தான் உருவாயின.

நானே ஒரு முறை சோதித்தேன். ஒரே மால்ட், கசப்புக்குப் போடும் ஒரே ஹாப்ஸ் பூ, தலா 10 லிட்டர், இரண்டு வாளி. ஒன்றில் ஈஸ்ட் தின்னும் தீனியில் 15 சதவீதம் கடைச் சீனி, மற்றதில் அந்த இடத்தையும் மால்ட்டே நிரப்பியது. இரண்டுக்கும் புது ஈஸ்ட் முழுப் பாக்கெட், 18 டிகிரி, இரண்டு வாரம் வாளியில், நான்கு வாரம் பாட்டிலில். வீட்டுக்கு வந்த ஆறு பேருக்குப் பெயர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். சீனி போட்டதை 'லேசாக இருக்கிறது' என்றார்கள். ஒருவர்கூட ஆப்பிள் என்று சொல்லவில்லை.

ஆக உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: சீனியை மொத்தத் தீனியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வையுங்கள், நல்ல ஈஸ்ட் போதுமான அளவு போடுங்கள், சூட்டை அடக்குங்கள், பொறுத்திருங்கள். எலுமிச்சையை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அம்மா உடன்குடிக் கருப்பட்டி அனுப்பியிருக்கிறார். ஸ்டவுட்டில் போட ஆசை. எவ்வளவு, எப்போது? – ஹாரோ

நல்ல ஆசை. ஸ்டவுட், போர்ட்டர், பெல்ஜியன் டார்க் என்ற கருநிற பீர் மூன்றுக்கும் கருப்பட்டி பொருந்தும். முதல் தடவை 300 கிராம், பிடித்திருந்தால் அடுத்த முறை 500. அதற்கு மேல் போனால் ஒரு உப்புக் கரிப்பு எட்டிப்பார்க்கும். கருப்பட்டியில் இருக்கிற தாதுக்கள் அவை, ஈஸ்ட் அவற்றைத் தொடாது.

போடும் முன் முதலில் அது சாதாரணக் கருப்பட்டியா, சுக்குக் கருப்பட்டியா என்று பாருங்கள். சுக்கும் மிளகும் பீரில் அப்படியே நிற்கும். அப்புறம், முழுசாகத் தூக்கி வாளியில் போடாதீர்கள். கருப்பட்டியை உடைத்து, மூழ்கும் அளவு வெந்நீரில் கரைத்து, பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மேலே சாம்பல் நிற நுரை திரளும், அதில் ஓலைத் துணுக்கும் சில சமயம் எறும்பும் இருக்கும், வழித்தெடுங்கள். அடுப்பை அணைத்துக் கால் மணி நேரம் தெளியவிட்டு, மேலாக மெல்லிய துணியில் வடித்து ஊற்றுங்கள். பாத்திரத்தின் அடியில் விரலால் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று மணல் இருக்கும்.

சீனிக்குப் பதில் என்றால் 100 கிராமுக்கு 120 கிராம் கருப்பட்டி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டிக்குக் கட்டி ஈரம் வேறுபடும், வெள்ளைச் சீனி கலந்து ஊற்றும் கருப்பட்டியும் சந்தையில் உண்டு. அதனால்தான் பாட்டில் அடைக்கும்போது போட கருப்பட்டி வேண்டாம் என்கிறேன். அங்கே கிராம் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக்கும் இதே விதி. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் போடலாம், கருப்பட்டியின் புகை வாசம் மட்டும் இருக்காது.

பீர் தண்ணீர் மாதிரி இருக்கிறது. இன்னும் ஒரு கிலோ சீனி சேர்த்தால் கெட்டிப்படுமா, இனிக்குமா? – எடிசன்

இரண்டும் இல்லை. ஈஸ்ட் சீனியை மிச்சமில்லாமல் தின்றுவிடும். ஒரு கிலோ சீனி 20 லிட்டரில் ஆல்கஹாலைச் சுமார் 2.5 சதவீதம் ஏற்றும். பீர் இன்னும் மெலிந்து, காரம்தான் தெரியும். கெட்டி வேண்டுமானால் மால்ட்டைக் கூட்டுங்கள், இல்லையென்றால் ஈஸ்ட் பெரும்பாலும் தின்னாத மால்டோடெக்ஸ்ட்ரின் பொடி 200 கிராம்.

மில்க் ஸ்டவுட்டுக்கு லாக்டோஸ் கிடைக்கவில்லை. அதே 400 கிராம் சீனி போடலாமா? – லண்டன்

கூடாது. மேலே உள்ள பதிலைப் படியுங்கள். லாக்டோஸ் என்பது பால் சர்க்கரை, அதை பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது, அதனால்தான் அது இனிப்பாக நிற்கிறது. அதன் வேலையைச் சீனி செய்யாது. 'கடைசியில் பாட்டிலில் சேர்த்தால் இனிக்கும்தானே' என்று அடைப்புக்குறிக்குள் கேட்டிருக்கிறீர்கள். அந்த யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள், அது வெடிகுண்டு. லாக்டோஸ் கிடைக்கும்வரை வேறு ஸ்டவுட் செய்யுங்கள். லாக்டோஸ் போட்டால் விருந்தாளிகளிடம் சொல்லிவிடுங்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

தேன்? – மார்க்கம்

போடலாம். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், எனவே 100 கிராம் சீனிக்கு 125 கிராம் தேன். கொதியில் போட்டால் வாசம் பறந்துவிடும். நொதிக்கும் நுரை அடங்கியபின் வாளியில் சேருங்கள்.

மேப்பிள் சிரப்? – அதே வாசகர்

100 கிராம் சீனிக்கு 150 கிராம். இனிப்பு போய்விடும், மெல்லிய மரவாசம் மிஞ்சும். உங்கள் ஊரில் மலிவாகக் கிடைத்தால் செய்து பாருங்கள்.

ஐசிங் சுகர் சீக்கிரம் கரையுமே? – மெல்பர்ன்

பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும். வேண்டாம்.

9 சதவீத பீர். ஒரு கிலோ சீனியை முதல் நாளே போட்டேன். 1.030இல் நின்றுவிட்டது. – ஆஸ்லோ

ஈஸ்ட்டுக்குச் சுலபமான சீனியை முதலில் கொடுத்தால் அதைத் தின்றுவிட்டு மால்ட்டின் சர்க்கரையான மால்டோஸ் பக்கம் வர மந்தமாகிவிடும். வலுவான பீரில் இது அடிக்கடி நடக்கும். வாளியைக் கொஞ்சம் சூடான இடத்துக்கு, 22 டிகிரிக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டை மெதுவாகச் சுழற்றி எழுப்புங்கள். ஒரு வாரத்தில் இறங்காவிட்டால் வேறு பீரில் பொங்கிக்கொண்டிருக்கும் ஈஸ்ட்டைக் கொஞ்சம் சேருங்கள். 1.030இல் மட்டும் பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள்.

அடுத்த முறை மால்ட்டை மட்டும் வைத்துத் தொடங்கி, நான்காம் நாள் நுரை இறங்கும்போது சீனியைப் பாகாகக் கரைத்து ஆறவைத்து ஊற்றுங்கள். காய்ந்த சீனியை அப்படியே கொட்டினால் கரைந்திருக்கும் வாயு ஒரேயடியாகக் கிளம்பி, வாளி வழிந்து தரையெல்லாம் ஓடும்.

சர்க்கரை அதிகமானால் பீர் விஷச் சாராயம் ஆகிவிடுமா? மனைவி பயப்படுகிறார். – சிட்னி

அவர் பயம் நியாயமானது, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டவர்கள் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அந்தச் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. மால்ட்டும் சீனியும் ஈஸ்ட்டில் நொதிக்கும்போது ஆபத்தான அளவு மெத்தனால் உண்டாவதில்லை, எத்தனை கிலோ சீனி போட்டாலும். ஆனால் பீரை ஆவியாக்கி வடித்து வலுவேற்றுவது வேறு வேலை. பெரும்பாலான நாடுகளில் அது குற்றம், தீ விபத்துக்கும் வழி. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பழைய ஆங்கிலச் செய்முறையில் 'இன்வெர்ட் நம்பர் 2' 450 கிராம். கடைகளில் இல்லை. – லெஸ்டர்

கோல்டன் சிரப் 450 கிராம், அதோடு கறுப்பு ட்ரீக்கிள் (கறுப்பான கரும்புப் பாகு) ஒரு மேசைக்கரண்டி. கோல்டன் சிரப்பே பாதி இன்வெர்ட் ஆன பாகுதான், நிறத்துக்கும் கருகல் வாசத்துக்கும் ட்ரீக்கிள். இரண்டு கரண்டி வேண்டாம், ஒன்றே போதும், ட்ரீக்கிள் ஏறினால் வேறு எதுவும் தெரியாது. கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றிக் கலக்குங்கள், இல்லையென்றால் அடிப்பிடிக்கும். டின்னைக் கவிழ்த்ததோடு விடாமல் வெந்நீர் விட்டு அலசி அதையும் சேர்த்துவிடுங்கள், 20, 30 கிராம் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.