பண்பு இருந்தும் 'இல்லை' என்கிறதே பைத்தான்?

கேள்வி: பைத்தானில் என் கடைக்கான நிரல் எழுதுகிறேன். வாடிக்கையாளர் கிளாஸில் 'தொலைபேசி' என்று ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கிறது. ஆனால் பண்பு (அட்ரிபியூட்) இருக்கிறதா என்று சொல்லும் ஹேஸ்அட்டர் (hasattr) போட்டுச் சோதித்தால், சில ஆப்ஜெக்டுகளுக்கு 'ஃபால்ஸ்' வருகிறது. தமிழில் பெயர் வைத்ததுதான் காரணமா?

பதில்: தமிழை அப்புறம் விசாரிப்போம். முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் ப்ராப்பர்ட்டிக்குள் இருக்கும் வரிகளை.

ஹேஸ்அட்டர், பண்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை, எடுத்தே பார்க்கிறது. எடுக்கும்போது, அப்படியொரு பண்பு இல்லை என்னும் பிழையான அட்ரிபியூட்எரர் வந்தால் 'இல்லை' என்று சொல்லிவிடும். சாதாரணப் பண்புக்கு இது போதும். ப்ராப்பர்ட்டி என்றால் அதற்குள் இருக்கும் ஃபங்ஷன் முழுவதும் ஓடும். அங்கே 'செல்ஃப்.எண்' என்று கேட்கிறீர்கள், ஒரு சில ஆப்ஜெக்டுகளுக்கு 'எண்' கொடுக்கவே இல்லை என்று வையுங்கள். பிழை உள்ளே, பழி 'தொலைபேசி' மேல். (3.2-க்கு முந்தைய பதிப்புகள் இன்னும் மோசம். மற்ற பிழைகளையும் சேர்த்தே விழுங்கிவிடும்.)

ஹேஸ்அட்டரை எடுத்துவிட்டு, புள்ளி வைத்து நேரடியாகவே பண்பைக் கேளுங்கள். பிழைச்செய்தியின் கடைசி வரியில் வேறொரு பெயர் இருந்தால், திருத்த வேண்டிய இடம் அதுதான். பண்பின் மதிப்பை எடுத்துத் தரும் கெட்அட்டருக்கு (getattr) மூன்றாவதாக ஒரு மாற்று மதிப்பு கொடுத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், அதுவும் இதே பிழையை மறைக்கும். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட்டிலேயே (__init__) 'எண்'ணுக்கு 'நன்' (None, அதாவது மதிப்பு எதுவும் இல்லை) என்று வைத்துவிடுங்கள். எண் இல்லாதவருக்கு மதிப்பாக 'நன்' வரும். அதைச் சோதித்தால் போதும், ஹேஸ்அட்டரே தேவைப்படாது.

டிக்ஷனரி என்றால் கதை வேறு. அதன் சாவிகள் பண்புகள் அல்ல. 'இன்' போட்டுத்தான் கேட்க வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். புள்ளி வைத்தால் வேலை செய்கிறது, மேற்கோளுக்குள் கொடுத்தால் மட்டும் 'ஃபால்ஸ்' என்றால், காரணம் எழுத்துக்குறியாக இருக்கலாம். 'தொ'வில் உள்ள ஒகரக்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நிரலில் உள்ள பெயர்களைப் பைத்தான் 3 தானே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது, மேற்கோளுக்குள் இருப்பதைத் தொடுவதில்லை. வெளிக்கோப்பிலிருந்து பண்பின் பெயரை எடுக்கிறீர்கள் என்றால், யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் ஃபங்ஷனில், பைத்தான் பயன்படுத்தும் அதே 'என்எஃப்கேசி' (NFKC) வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஹேஸ்அட்டரிடம் கொடுங்கள்.