சாப்பாட்டுக் காசு: எவ்வளவு, எப்படி?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் வரும் கல்வியாண்டில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். இதுவரை டப்பா கட்டிக் கொடுத்துவிட்டோம். புதுப் பள்ளியில் கேன்டீன், கார்டு, ஆப் எல்லாம் இருக்கிறது. தினமும் எவ்வளவு என்று லிமிட் போடச் சொல்கிறார்கள். "ரவுண்டா ஒரு தொகை போட்டுவிடு" என்கிறார் கணவர். சரியா?

ரவுண்டாகப் போடுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் கேன்டீனின் விலைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பள்ளியின் இணையதளத்திலோ ஆப்பிலோ இருக்கும். இல்லையென்றால் அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள்.

பள்ளிக்குப் பள்ளி விலை மாறும். அதனால் ஒரு முழு மதியச் சாப்பாட்டின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். உங்கள் பள்ளியின் விலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். காலை இடைவேளையில் கொறிக்க ஏதாவது ஒன்று 35, ஒரு பானம் 25 என்று வைப்போம். முழுச் சாப்பாடும் ஒரு நொறுக்குத் தீனியும் சேர்ந்தால் 135. தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்து போனால் பானத்தின் 25 மிச்சம்.

பலர் இந்த 135-ஐ அப்படியே லிமிட்டாகப் போட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முழுச் சாப்பாடு என்ற சலுகை விலை, அதில் சேர்த்தி என்று சொன்ன எல்லாவற்றையும் தட்டில் எடுத்தால்தான் கிடைக்கும். அவசரத்தில் பிள்ளை கூட்டு வகையை விட்டுவிட்டு, முக்கிய உணவு (70), ஒரு பானம் (25), ஒரு இனிப்பு (25) என்று எடுத்து வந்தால் கல்லாவில் தனித்தனியாகத்தான் பில் விழும். மொத்தம் 120. வயிற்றுக்குப் போனது குறைவு, செலவு அதிகம். சேர்த்தியில் ஏதாவது ஒன்று தீர்ந்துபோன நாளிலும் இதே கதைதான். காலையில் 35 செலவழித்த பிள்ளைக்கு 135 லிமிட்டில் மீதி இருப்பது 100. பில்லோ 120.

பெரும்பாலான கார்டு முறைகளில் லிமிட்டைத் தாண்டினால் முழு பில்லும் நின்றுவிடும். ஏதாவது ஒரு பொருளைத் திருப்பி வைத்தால்தான் நகரும். பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள், முன்னால் கல்லாக்காரர் காத்திருக்கிறார், பதினொரு வயதுப் பிள்ளை எதைத் திருப்பி வைப்பது என்று விழிக்கிறது. மறுநாள் அந்தப் பிள்ளை இருப்பதிலேயே மலிவானதை எடுத்துக்கொண்டு ஓடிவிடும், அல்லது அந்தப் பக்கமே போகாது. வீட்டில் சொல்லவும் சொல்லாது.

ஆகவே லிமிட் வேறு, பட்ஜெட் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். லிமிட் என்பது மதில். ஒரு நாளில் எந்தக் காரணத்துக்காகவும் இதைத் தாண்ட முடியாது என்பதற்காகப் போடுவது. 135-க்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து 150 வையுங்கள். இந்த இடத்தில் உங்கள் கணவர் சொன்ன மாதிரி ரவுண்டாக்கலாம். இனிப்போடு தனித்தனியாக எடுத்த நாளில்கூட, அதாவது 35-ம் 120-ம் சேர்ந்து 155 ஆகும் நாளில், 5 மட்டும்தான் இடிக்கும். அதுவும் இனிப்பைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். பட்ஜெட் என்பது சராசரி. நாளைக்கு 120 என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். சில நாள் 100, சில நாள் 135. வாரக் கடைசியில் 600-க்குள் நின்றால் போதும்.

மாதத்துக்கு 20 பள்ளி நாள் என்றால் 2,400. மதிலை ஒட்டியே தினமும் செலவழித்தால் 3,000. இந்த 600 வித்தியாசத்தை வீடு தாங்குமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். தாங்காது என்றால் லிமிட்டைக் குறைக்காதீர்கள், கேன்டீன் நாட்களைக் குறையுங்கள். வாரத்தில் மூன்று நாள் கேன்டீன், இரண்டு நாள் வீட்டு டப்பா என்றால், மூன்று 120-ம் டப்பா நாட்களுக்கு இரண்டு 35-ம் சேர்ந்து 430 ஆகும். அரைகுறைச் சாப்பாடு ஐந்து நாள் கிடைப்பதைவிட முழுச் சாப்பாடு மூன்று நாள் கிடைப்பது மேல்.

பள்ளி திறக்கும் முன் அலுவலகத்தில் சிலவற்றைக் கேட்டு வையுங்கள். காலை இடைவேளைச் செலவும் அதே லிமிட்டில் கழியுமா? கார்டில் ஏற்றிய பணம் எத்தனை மணி நேரத்தில் கல்லாவில் தெரியும்? சில முறைகளில் அன்று ஏற்றினால் மறுநாள்தான் தெரியும். பேலன்ஸ் தீர்ந்த நாளில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு உங்களிடம் வாங்கிக்கொள்வார்களா, வெறும் கையோடு அனுப்புவார்களா? ஒவ்வாமை இருந்தால் அதைக் கார்டில் பதிவு செய்ய முடியுமா? குடிநீர் இலவசமா? உங்கள் குடும்பத்துக்கு இலவச உணவோ கட்டணச் சலுகையோ உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். உண்டு என்றால் அந்தத் தொகை எந்த நேரத்தில் கார்டில் ஏறும், செலவாகாமல் போனால் மறுநாளுக்கு வருமா என்பது முக்கியம். பல இடங்களில் வராது.

கேள்வி: மகன் காலை இடைவேளையிலேயே பாதிக்கு மேல் காலி செய்துவிடுகிறான். மதியம் ஒன்றுமே வாங்காமல் வருகிறான். லிமிட்டை ஏற்றவா, இறக்கவா?

இரண்டும் வேண்டாம். இது பெரும்பாலும் காலைச் சாப்பாட்டுப் பிரச்சினை. புதுப் பள்ளி தூரம், பஸ் நேரம் முன்னதாக, எழுந்ததும் தொண்டையில் ஒன்றும் இறங்காது. பத்தரை மணிக்குள் பசி காதை அடைக்கும். அங்கே 90 போனால் 150 லிமிட்டில் மீதி 60. முக்கிய உணவு 70 என்றால் மதியத்துக்கு அதுகூட வாங்க முடியாது.

காலையில் வீட்டில் சாப்பிட முடியாத பிள்ளைக்குப் பையில் கட்டிக் கொடுங்கள். பஸ்ஸிலோ முதல் மணிக்கு முன்போ சாப்பிட்டுக்கொள்ளட்டும். சில ஆப்களில் இடைவேளைக்கும் மதியத்துக்கும் தனித்தனி லிமிட் போட வழி உண்டு. இருந்தால் இடைவேளைக்கு 40 என்று பூட்டிவிடுங்கள், விஷயம் முடிந்தது.

இன்னொன்றையும் அவனிடம் கேட்டுப் பாருங்கள்: மதிய க்யூ எவ்வளவு நேரம்? புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் க்யூவில் பெரியவர்களுக்கு வழிவிட்டே கடைசியில் நிற்பார்கள். தட்டு கைக்கு வரும்போது மணி அடித்துவிடும். இடைவேளை க்யூ சின்னது என்று தெரிந்து அங்கேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிற பிள்ளையும் உண்டு. அப்படியானால் வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும். பணத்தால் தீராது.

கேள்வி: மிச்சம் பிடிக்கிற காசு உனக்கே என்று சொல்லியிருக்கிறோம். சேமிக்கும் பழக்கம் வரும் அல்லவா?

இதை இன்றே நிறுத்துங்கள். இந்த ஏற்பாட்டில் சாப்பிடாமல் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பிள்ளைக்கு நீங்கள் 100 கூலி கொடுக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் 200. ஆசைப்பட்ட பொருள் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் ஒரு மாதம்கூடக் கிடக்கும். உடம்பு வேகமாக வளரும் வயதில் இது வேண்டாத விளையாட்டு. மூன்றாவது பாடவேளையிலேயே தலை சாய்வதையும், மாலையில் வீட்டுக்கு வந்ததும் எரிந்து விழுவதையும் அதன் பிறகு "வயசுக் கோளாறு" என்று நாம் பேர் வைத்துக்கொண்டிருப்போம்.

சாப்பாட்டுக் காசு சாப்பாட்டுக்கு. மீந்தால் கார்டிலேயே கிடக்கட்டும், அடுத்த வாரம் அந்த அளவுக்குக் குறைத்து ஏற்றுங்கள். கைச்செலவுக்குச் சின்னத் தொகை ஒன்றைத் தனியாக, வாராவாரம் ஒரே கிழமையில், கையில் கொடுங்கள். சேமிப்பு, ஆசை, வீண்செலவு எல்லாம் அந்தப் பணத்தில் நடக்கட்டும்.

சேமிக்க ஊக்கம் தர வேண்டும் என்றால் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. முந்தின இரவே முடிவு செய்து, தானும் கூட நின்று டப்பா கட்டி எடுத்துப் போகும் நாளில், மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். 120 செலவாகும் நாளில் 35 மட்டும் செலவானால் மிச்சம் 85. வீட்டுச் சமையல் செலவு போக, 25 அல்லது 30 கொடுப்பது நியாயம். பிள்ளை சாப்பிட்டும் இருக்கும், சேமித்தும் இருக்கும். காலி டப்பா திரும்பி வந்ததா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: தினப்படி கொடுப்பதா, வாரத்துக்கு மொத்தமாகவா?

முதல் நான்கைந்து வாரம் தினப்படிதான். புது இடம், புது விலை, எது வயிற்றை நிரப்பும் என்றே பிள்ளைக்குத் தெரியாது. அந்த வாரங்களின் பில் விவரத்தை ஆப்பில் பார்த்தால் உண்மையான சராசரி கிடைத்துவிடும். நாம் போட்ட 120 சரியா, 110 போதுமா, 130 வேண்டுமா என்று அப்போது திருத்துங்கள்.

அதன் பிறகு வாரத் தொகைக்கு மாறலாம். ஞாயிறு மாலை 600 ஏற்றிவிட்டு, தின லிமிட்டை 150-லேயே விடுங்கள். இந்த மதில் இருப்பதால் திங்களும் செவ்வாயும் கொண்டாடி முழுவதையும் கரைக்க முடியாது. மிகவும் மோசமான வாரத்திலும் வியாழன் மாலையில்தான் தீரும். வெள்ளிக்கிழமைக்கு வீட்டிலிருந்து டப்பா. திட்டு வேண்டாம், கூடுதல் பணமும் வேண்டாம். பசியோடு அனுப்பிப் பாடம் கற்பிப்பது கூடவே கூடாது.

தொடர்ந்து மூன்று வாரம் வெள்ளிக்கு முன்பே தீர்ந்தால் முதலில் உங்கள் கணக்கைச் சந்தேகப்படுங்கள். விலை ஏறியிருக்கலாம். மாலையில் விளையாட்டுப் பயிற்சி தொடங்கியிருக்கலாம். பேலன்ஸ் குறைந்தால் வங்கியிலிருந்து தானாகவே பணம் ஏறும் வசதி இருந்தால் வார முறைக்கு அதை அணைத்து வையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் பணம் தீர்ந்ததே யாருக்கும் தெரியாது.

கேள்வி: மூன்று வாரமாக மகளின் கார்டில் பணம் குறையவே இல்லை. கேட்டால் "பசிக்கலை" என்கிறாள். கவலையாக இருக்கிறது.

ஆப்பில் தேதிவாரியான பட்டியலைத் திறந்து, எந்தக் கிழமைகளில் ஒன்றுமே இல்லை என்று பாருங்கள். ஒரே கிழமை திரும்பத் திரும்ப வந்தால் அன்று மதியம் ஏதோ கிளப், பயிற்சி, அல்லது தூரத்துக் கட்டடத்தில் வகுப்பு இருக்கும். அதற்கு முன்னதாகச் சாப்பிட அனுமதிச் சீட்டு தரும் பள்ளிகள் உண்டு, கேளுங்கள்.

எல்லா நாளும் காலி என்றால் "ஏன் சாப்பிடலை?" என்று ஆரம்பிக்காதீர்கள். "யார் பக்கத்துல உட்கார்ந்தே?" என்று கேளுங்கள். உட்கார ஆள் இல்லாததால் சாப்பிடாத பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். பழைய தோழிகள் வேறு பள்ளி, புதியவர்கள் எல்லாரும் டப்பா கொண்டு வருகிறார்கள், கேன்டீன் க்யூவில் தனியாக நிற்கக் கூச்சம். இந்த நிலையில் இரண்டு வாரம் நீங்களும் டப்பா கட்டிக் கொடுத்தால் அவர்களோடு போய் உட்கார்ந்துவிடுவாள். இன்னும் சாதாரணமான காரணமும் உண்டு. கார்டு தொலைந்திருக்கும், அல்லது பின் நம்பர் மறந்திருக்கும். திட்டு விழும் என்று சொல்லாமல் இருப்பாள்.

வீட்டிலும் காலை, இரவுச் சாப்பாட்டைத் தட்டிக் கழிக்கிறாள், எடை குறைகிறது, "குண்டாகிவிட்டேன்" என்ற பேச்சு அடிக்கடி வருகிறது என்றால், லிமிட் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வகுப்பாசிரியருக்கும் தெரியட்டும்.

கேள்வி: என் பையன் ஒரே நேரத்தில் இரண்டு சாப்பாடு வாங்கியதாகப் பில் காட்டுகிறது.

நண்பனுக்கு வாங்கித் தந்திருப்பான். எப்போதோ ஒரு நாள் என்றால் விட்டுவிடுங்கள், நல்ல குணம். வாரத்தில் இரண்டு மூன்று முறை, அதிலும் அவனுக்குப் பிடிக்காத பொருளாக இருந்தால், யாராவது மிரட்டி வாங்குகிறார்களா என்று மென்மையாக விசாரியுங்கள். தேதி, நேரம், பொருள் மூன்றும் பட்டியலில் இருக்கும். அதை அப்படியே பள்ளியிடம் காட்டலாம். அதுவரை லிமிட்டை ஒரு சாப்பாட்டுக்கும் கொஞ்சம் மேலே மட்டும் இறக்கி வையுங்கள். "அம்மா லிமிட் போட்டுட்டாங்க" என்று சொல்லித் தப்பிக்க அவனுக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். உண்மையிலேயே பசியோடு வரும் நண்பன் என்றால் அதையும் ஆசிரியரின் காதில் போட்டு வையுங்கள். பள்ளி மூலமாக அந்தப் பிள்ளைக்கு ஏற்பாடு நடக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் கார்டு இல்லை, ரொக்கம்தான்.

கணக்கு அதேதான். தினமும் காலையில் சில்லறையாகக் கொடுங்கள். பெரிய நோட்டாகக் கொடுத்தால் மீதி வாங்க மறப்பது, கல்லாவில் சில்லறை இல்லாமல் இன்னொரு பொருளை வாங்கிக்கொள்வது, இரண்டும் நடக்கும். கைச்செலவுக் காசைத் தனிப் பர்ஸில் வைக்கட்டும். பையின் உள் ஜிப்பில் ஒரு சாப்பாட்டுக்கான பணத்தை அவசரத்துக்கு மடித்து வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரியவனுக்குப் பதினைந்து, சின்னவளுக்குப் பதினொன்று. ஒரே பள்ளி. ஒரே தொகைதானே நியாயம்?

கைச்செலவில் வயதுக்கு ஏற்ற வித்தியாசம் வைக்கலாம். சாப்பாட்டில் பசிதான் அளவு. பதினைந்து வயதுப் பையன் முழுச் சாப்பாட்டுக்கு மேல் இன்னொரு 35-க்கு வாங்கித் தின்றுவிட்டு இன்னும் பார்ப்பான். அதே வயதில் அவளுக்கும் அப்படியே ஏற்றுவோம் என்று இப்போதே சொல்லிவிட்டால் சண்டை வராது. சின்னவளுக்கு ஓட்டப் பயிற்சி இருக்கும் நாட்களில் அவளுக்குக் கூடுதல், அவனுக்கு இல்லை.

கேள்வி: தொகையை எப்போதெல்லாம் மாற்ற வேண்டும்?

கேன்டீன் விலைப் பட்டியல் மாறும்போது உடனே. விலை பெரும்பாலும் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஏறும். பழைய லிமிட் ஆப்பில் அப்படியே கிடக்கும், முதல் வாரமே பில் நிற்கும். மற்றபடி பருவத்துக்கு ஒரு முறை பட்டியலைத் திறந்து பாருங்கள், பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. தினமும் திறந்து "நேற்று ஏன் இனிப்பு?" என்று கேட்டால், அடுத்த வாரமே அவர்கள் கார்டை விட்டுவிட்டு வெளிக்கடையில் கைக்காசு கொடுத்து வாங்க ஆரம்பிப்பார்கள். அந்த பில் உங்கள் ஆப்பில் வராது.