ராத்திரி இரண்டு மணிக்கு எது உதவும்?

அன்புள்ள சார்,

திருச்சியில் வங்கியில் வேலை பார்க்கிறேன். உங்கள் மலைப்பயணக் குறிப்புகளை விடாமல் வாசிப்பவன். டிசம்பர் விடுமுறையில் மனைவி, ஒன்பது வயது மகளுடன் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கத் திட்டம். கார் தோட்டம் வரை போகும். ஒரு மாதமாக யூடியூப் பார்த்துப் பார்த்து ஆன்லைன் கூடையில் 23 பொருள் சேர்ந்துவிட்டது. தூக்கிப் போட்டால் தானே விரியும் கூடாரம், மூன்று ஸ்லீப்பிங் பேக், பம்புடன் காற்று மெத்தை, சோலார் பவர்பேங்க், கேஸ் அடுப்பு, மடக்கு நாற்காலிகள், பதினெட்டு வேலை செய்யும் கத்தி என்று மொத்தம் 41,000 ரூபாய். சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன், அது இந்தக் கணக்கில் இல்லை. "இந்தக் காசுக்கு நல்ல ஹோட்டலிலேயே தங்கிவிட்டு வரலாமே" என்கிறாள் மனைவி. எதை வாங்கலாம், எதை விடலாம்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

கணக்குப்படி உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. இருந்தாலும் நீங்கள் என்னிடம் ஹோட்டலைப் பற்றிக் கேட்கவில்லை.

பொருளுக்கு முன்னால் ஒரு விஷயம். தோட்டம் தெரிந்தவருடையது என்பதற்காகக் கூடாரம் அடித்துவிட முடியாது. அங்கே கூடாரத்தில் தங்க அனுமதி இருக்கிறதா, காட்டுமாடு வரும் வழியா என்று அவரிடம் கறாராகக் கேளுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடி அருகே ஒரு விடுதியின் கூடார முகாமில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அந்த இடத்தில் எந்தக் கூடாரத்துணி என்ன செய்திருக்கும்? அவர் சொல்லும் பதிலில் இழுவை இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

இனி பட்டியல். நான் முதன்முதலில் கூடாரத்தில் தூங்கியது, சரியாகச் சொன்னால் தூங்காமல் கிடந்தது, உங்கள் மேல்மலையில்தான். பூம்பாறையைத் தாண்டி ஒரு பூண்டுத் தோட்டம். உறையில் 'ஜீரோ டிகிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக்கை நம்பி, கீழே ஒரு பெட்ஷீட்டை மட்டும் விரித்துப் படுத்தேன். பதினோரு மணிக்கு முதுகு சில்லிட்டது. மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் துண்டு, அதற்கு மேல் நண்பனின் மழைக்கோட்டு. ஒன்றும் பலிக்கவில்லை. இரண்டு மணிக்குத் தோட்டக் காவல்காரர் என் பல் அடிக்கும் சத்தம் கேட்டு வந்தார் என்று நண்பர்கள் இன்றும் கதை கட்டுவார்கள். வந்தவர் டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் போய் நான்கு காலிச் சாக்குகளைக் கொண்டுவந்து தந்தார். "மேல போர்த்தாதீங்க தம்பி, அடியில போடுங்க" என்றார். போட்டேன். கால்மணி நேரத்தில் தூங்கிவிட்டேன்.

அந்த நான்கு சாக்குகளில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக்குக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. அதன் பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான் நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நாம் படுத்ததும் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிக் காற்று போய்விடும். அப்புறம் உங்கள் முதுகுக்கும் ஈர மண்ணுக்கும் நடுவே வெறும் துணிதான். ஆகவே பட்டியலில் இல்லாத ஒன்றை முதலில் வாங்குங்கள்: ஆளுக்கொரு ஃபோம் பாய். சுருட்டினாலோ மடித்தாலோ காரில் ஒரு மூலை போதும், விலையும் சில நூறு ரூபாயில் தொடங்கும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் குளிரைத் தடுக்கும் சக்தியும் கூடும். பம்ப் வைத்த காற்று மெத்தையை நீக்கிவிடுங்கள். மெத்தென்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருக்கிற அவ்வளவு காற்றும் சுற்றிச் சுற்றி உங்கள் சூட்டைத் தரைக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். குளிர்காலத்துக்கென்று உள்ளே தடுப்பு வைத்துச் செய்த மெத்தைகள் வேறு, அவற்றின் விலையும் வேறு.

ஸ்லீப்பிங் பேக்கில் கொட்டை எழுத்தை விட்டுவிட்டுப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஒழுங்காகச் சோதனை செய்து விற்பவர்கள் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலைகளைக் கொடுப்பார்கள். கம்ஃபர்ட் என்றால் அந்தக் குளிரிலும் நிம்மதியாகத் தூங்கலாம். லிமிட் என்றால் உடலைக் குறுக்கிக்கொண்டு எப்படியோ சமாளிக்கலாம். எக்ஸ்ட்ரீம் என்பது தூக்கத்தைப் பற்றியதே இல்லை, உயிரைப் பற்றியது. பல உறைகளில் பெரிதாகப் போடுவது கடைசி இரண்டில் ஒன்றைத்தான். மேல்மலைப் பள்ளங்களில் டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும். அதனால் கம்ஃபர்ட் 5 டிகிரி அல்லது அதற்கும் கீழே இருப்பதாகப் பாருங்கள். வாத்து இறகு வைத்தது வேண்டாம். அது ஈரம் பட்டால் சுருங்கி உதவாமல் போகும், நம் மலைகளில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. செயற்கைப் பஞ்சு போதும். இரண்டு இரவுக்கு மூன்று பேக் வாங்குவதைவிட வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வீட்டுக் கம்பளிகளைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போங்கள். கார் போகும் இடத்தில் எடையைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை?

கூடாரம் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். ஒற்றை அடுக்கென்றால் மூன்று பேர் விடும் மூச்சிலிருக்கும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிவிடும். விடியற்காலையில் முகத்தில் சொட்டும்போது கூடாரம் ஒழுகுகிறது என்று விற்றவனைத் திட்டுவோம். குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் இறுக மூடாதீர்கள், கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். பள்ளத்தில் அடிக்காமல் சற்று மேடான இடத்தில் அடியுங்கள். குளிர்காற்று தண்ணீர் மாதிரி, தாழ்வான இடத்துக்கு வந்து தேங்கும்.

கேஸ் அடுப்பு வேண்டாம். தோட்டத்தில் சமையலறை இருக்கும். இங்கே கடையில் கிடைக்கும் பல சிறிய டப்பாக்களில் பியூட்டேன்தான் இருக்கிறது. மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே அது வாயுவாகவே மாறாது. எரிய எரிய டப்பாவும் குளிர்ந்துகொண்டே போகும், ஆகவே ஐந்து டிகிரிக் காலையிலேயே சுடர் சிணுங்கும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். காபிக்கு நான் செய்வது, ஊரிலேயே கெட்டி டிகாஷன் இறக்கி பாட்டிலில் எடுத்துப் போவது. பாலைக் காய்ச்சித் தர அங்கே யாராவது இருப்பார்கள்.

சோலார் பவர்பேங்குக்கு ஒரு சின்னக் கணக்கு. 10,000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 37 வாட்-மணி. உள்ளங்கை அகலப் பலகை நல்ல வெயிலில் ஒன்று, ஒன்றரை வாட் கொடுத்தால் பெரிது. முழுக்க நிரம்ப முப்பது மணி நேர உச்சி வெயில் வேண்டும். மேல்மலை மூடுபனியில் எத்தனை நாள் உட்காருவீர்கள்? சாதாரண பவர்பேங்கை வீட்டிலேயே சார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள்.

சாட்டிலைட் கருவி விஷயத்தில் நீங்கள் பார்த்த யூடியூபர் அமெரிக்காக்காரர் என்று நினைக்கிறேன். அங்கே அது நல்ல பொருள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ இந்த மாதிரிக் கருவியோ வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் இதை வைத்திருந்து மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. வங்கி வேலை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வேலைக் கத்திக்குப் பதில் அடுக்களைக் கத்தியும் கத்தரிக்கோலும். மடக்கு நாற்காலியைச் சேர்க்கலாம். என் நண்பர்கள் சிரிப்பார்கள், இருந்தாலும் நாற்பதைத் தாண்டிய முட்டிக்கு அது ஆடம்பரமில்லை. நெற்றியில் கட்டும் விளக்கு மூன்று வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று. ராத்திரி மகளைக் கழிவறைக்குக் கூட்டிப் போகும்போது ஒரு கையில் அவள், மறு கையில் தண்ணீர் இருக்கும். செல்போனை வாயில் கவ்வ வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு வீட்டிலேயே இருக்கும். ஒன்று, குரங்குக் குல்லா. மகள் சிணுங்குவாள், போட்டுவிடுங்கள். இன்னொன்று, ஒற்றைச் சுவர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். படுக்கப் போகும்முன் சுடுதண்ணீர் ஊற்றி இறுக மூடி, கம்பளி சாக்ஸுக்குள் போட்டு மகளின் ஸ்லீப்பிங் பேக்கில் கால்மாட்டில் வையுங்கள். ஃபிளாஸ்க் இதற்கு உதவாது, அது சூட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் ஒரு சனிக்கிழமை மொட்டை மாடியில் மூவரும் படுத்துப் பாருங்கள். எதை மறந்தோம் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மகளுக்கு அதுவே போதும் என்று தோன்றினாலும் ஆச்சரியமில்லை.

ஆமாம், அந்தத் தூக்கிப் போட்டால் விரியும் கூடாரம். இரண்டு அடுக்காக இருந்தால் வாங்குங்கள், விரிய இரண்டு நொடிதான், பொய்யில்லை. திரும்ப மடிக்கும் வீடியோவை மட்டும் மாடியிலேயே பத்து முறை பார்த்துப் பழகிவிடுங்கள். கடைசி நாள் காலையில் அதைத் தேடும்போது அங்கே சிக்னல் இருக்காது. காரின் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வத்தலக்குண்டு வரை இறங்கியவன் சொல்கிறேன்.