இறால் ஏன் தீவனம் தொடவில்லை?

கேள்வி: குடமுருட்டி வாய்க்கால் தண்ணீர் பாயும் குட்டையில் நன்னீர் இறால் விட்டிருக்கிறேன். காலையில் போடும் தவிடும் பிண்ணாக்கும் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கின்றன. இறாலுக்கு நோயா?
(வாசகர், பாபநாசம்)

பதில்: நோய் என்று உடனே பயப்படாதீர்கள், முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஆற்றிலும் சரி, குட்டையிலும் சரி, நன்னீர் இறால் பகலில் வேர், கல் மறைவில் பதுங்கிவிட்டு இருட்டியபின்தான் அதிகம் மேயும். மக்கிய இலை, புழு, சிறு நத்தை, செத்த மீன் என எதையும் ஒதுக்காது. உணர்கொம்பால் மோப்பம் பிடித்து, முதல் ஜோடிச் சிறுகால்களால் பொறுக்கி வாயில் வைக்கும். பெரிய கொடுக்கு சண்டைக்கும் இரையைப் பிடிக்கவும்தான்.

அன்றாடத் தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கை மாலை 6 மணிக்குமேல் கரையோரம் பரவலாகக் கொடுங்கள். வெறும் தவிட்டைத் தூவினால் மிதந்து வீணாகும். பிண்ணாக்கோடு பிசைந்து வேகவைத்து, உருண்டையாக்கித் தட்டில் வையுங்கள். 2 மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். மிச்சமிருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். அடியில் மக்கும் தீவனம் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். விடியற்காலையில் இறால் கரையில் ஒதுங்குவது அதனால்தான்.

தோலுரிக்கும்போது இரை எடுக்காது. அந்த நேரம் உடல் மெத்தென்றிருப்பதால் மற்ற இறால்களே கடித்துத் தின்றுவிடும். உடைந்த ஓடு, காய்ந்த தென்னை மட்டை போட்டு ஒளிய இடம் கொடுங்கள். பச்சை மட்டை வேண்டாம், அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.