எம்-சாண்ட் யார்டில் ஆடிக் காற்று: இயந்திரத்துக்கு முன் வேலி

கேள்வி: பல்லடம் அருகே எம்-சாண்ட், ஜல்லி குவித்து விற்கிறேன். ஆடிக் காற்றில் தூசி பறந்து வீடுகளில் படிகிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் போயிருக்கிறது. தண்ணீரை நுண்துளிகளாகப் பீய்ச்சும் பனித்தூவல் இயந்திரம் வாங்கினால் போதும், வாரியத்தில் தானே பேசி முடிப்பதாக ஆலோசகர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த இயந்திரம் காற்று அடங்கிய நேரத்தில், லாரி சரக்கைக் கொட்டும் இடத்தில் உதவும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து மோதும் ஆடிக் காற்றில் அதன் நுண்துளிகள் குவியலைத் தொடும் முன்பே பறந்துவிடும். கரண்டும் தண்ணீரும் வீண். ‘வாரியத்தில் எனக்கு ஆள் இருக்கிறது’ என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இன்ன இயந்திரம்தான் வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. நோட்டீஸ் வந்தால், செய்த வேலைகளைப் படத்துடன் எழுதி, குறித்த நாளுக்குள் நீங்களே பதில் கொடுங்கள்.

உங்களுக்குத் தேவை, காற்று வரும் மேற்குப் பக்கத்தில் ஒரு வேலி. தகரத்தால் அடைத்துவிடாதீர்கள், காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று இறங்கி, மணலை வாரிக்கொண்டு போகும். பாதி அடைப்பு, பாதி திறப்பு வேண்டும். நாற்றுப் பண்ணைகளில் கட்டும் 50 சதவீத நிழல்வலை போதும். கடைக்காரர் 90 சதவீத வலையை ‘இது இன்னும் நல்லது’ என்று நீட்டுவார். வாங்கினால் தகரம் அடைத்த கதைதான். குவியல் வலையைவிட உயரக் கூடாது.

குவியலைக் கிழக்கு மேற்காக நீட்டிப் போடுங்கள். லோடர் கிழக்கு முனையிலிருந்தே அள்ளட்டும். நனைந்து காய்ந்த குவியலின் மேல் ஒரு பொருக்கு இறுகியிருக்கும். அது உடையாதவரை தூசி எழும்பாது. ஒரு வாளி அள்ளியதும் உள்ளே மாவு போன்ற தூள் தெரியும். காற்று தூக்குவது அதைத்தான்.

ஐப்பசியில் காற்று திரும்பினாலும் மழை ஈரம் காக்கும். ஆனால் மார்கழி, தையில் மழை நின்ற பிறகும் காற்று கிழக்கிலிருந்தே வரும். அப்போது மேற்கே வீடோ பள்ளியோ இருந்தால் கிழக்கிலும் வலை வேண்டும். பயிர் இருந்தாலும் வேண்டும். வெறும் தரிசு என்றால் வேண்டாம். ஆடியில் கட்டிய வலையையே கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், யாரும் மாற்றுவதில்லை.

பல யார்டுகளில் குவியலைவிட லாரி ஓடும் பாதைதான் அதிகத் தூசி கிளப்புகிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் தெளிப்பான் இருக்கிறதா என்று பார்த்து டிக் அடித்துப் போகிறார்கள். தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் வந்து பார்த்தால் என்னதான் தெரியும்? அவர்களுக்காக எதையும் செய்யாதீர்கள். முதல் லாரி நுழையும் முன் பாதையை நனையுங்கள். மதியம் காற்று வலுக்கும் முன் மறுபடியும் நனையுங்கள். சேறாக்கிவிட வேண்டாம். டயரில் ஒட்டிய சேறு தார்ச்சாலையில் காய்ந்து மறுநாள் தூசியாகப் பறக்கும்.